அயல்மொழித் தேர்வுக்கும் தாய்மொழியே படிக்கட்டு

வெளிநாடு செல்ல விழையும் தமிழிளைஞர்முன் இற்றைநாளில் ஒரு வாயில் நிற்கின்றது. அதன் பெயர் ஆங்கிலத் திறன்தேர்வு. செவிலியப் படிப்பு முடித்த பெண்ணாயினும், பொறியியல் முடித்த இளைஞனாயினும், மேற்படிப்பை நாடும் மாணவனாயினும், ஐயெல்ட்சு என்றோ தோபெல் என்றோ ஓ.இ.டி. என்றோ வழங்கும் ஒரு தேர்வில் குறித்த தரத்தைப் பெற்றாலன்றிப் பெரும்பாலும் அவ்வாயில் திறப்பதில்லை. அதனால் நகர்தோறும் பயிற்சிக் கூடங்கள் முளைத்துள்ளன. சிற்றூர்ப் பெற்றோர் நிலத்தை ஒற்றி வைத்தும் நகையை அடகு வைத்தும் அக்கூடங்களுக்குப் பொருள் கொட்டுகின்றனர்.

பொருள் போவது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. இத்தேர்வைக் காட்டியே, 'குழந்தை நாளைக்கு வெளிநாடு போகவேண்டாவா? மழலை வகுப்பிலிருந்தே ஆங்கிலவழியில் சேர்த்துவிடு' என்று பேசும் பேச்சு ஊரெங்கும் பரவியுள்ளது. தமிழ்வழியில் படித்தவன் இத்தேர்வை எட்டிப் பார்க்கவும் தகுதியற்றவன் என்னும் எண்ணம் அவன் நெஞ்சிலேயே ஊன்றப்பட்டுவிட்டது. இவ்வெண்ணம் உண்மையா என்று ஆராய்தல் வேண்டும். அதற்குத் தேர்வின் வரலாற்றையும், அது எதனை அளக்கின்றது என்பதையும், தமிழன் அதற்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகக் காண்பது நலம்.

வாயிலின் வரலாறு

மொழித்தேர்வை நாட்டின் வாயிலில் நிறுத்துவது புதிய வழக்கமன்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட வேலைக்கெனச் சென்னைத் துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டவருள் தமிழர் பலர். ஒப்பந்தக் கூலிகளாக வந்த அவர்களை, 'உனக்கு என்ன மொழி தெரியும்?' என்று எவரும் கேட்கவில்லை. கரும்பு வெட்டும் கைக்கு மொழி எதற்கு? தம் விருப்பில் பிழைக்க வந்த இந்தியரைத் தடுக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் 1897-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஐரோப்பிய மொழியொன்றில் எழுதத் தெரியாதவர் நேட்டாலுக்குள் நுழையலாகாது என்றது அச்சட்டம். எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. மொழி என்னும் போர்வைக்குள் நிறவெறி ஒளிந்திருந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானிய அமைச்சர் சோசப்பு சேம்பர்லின் இம்முறையைப் பிற குடியேற்ற நாடுகளுக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டினார்.

ஆத்திரேலியா அதனைக் கைக்கொண்டது. 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துறைமுக அலுவலர் 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படிப்பார். வந்தவர் அதனைப் பிழையின்றி எழுதவேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் படிப்பது என்பதை முடிவு செய்பவர் அலுவலரே. வந்தவருக்கு ஆங்கிலம் தெரிந்தால் பிரெஞ்சில் படிக்கலாம். பிரெஞ்சும் தெரிந்தால் வேறொன்றில் படிக்கலாம். 1909-க்குப் பின் அத்தேர்வில் தேறியவர் ஒருவருமிலர். 1934-இல் எகோன் கீச்சு என்னும் எழுத்தாளர் வந்தார். அவர் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். அவரை வீழ்த்துவதற்கென்று இசுக்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர். அஃது அச்சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி அன்று என்று அந்நாட்டு உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை இழிவுக்குப் பின்னும் 1958-இல்தான் அத்தேர்வு ஒழிந்தது.

இற்றைத் தேர்வுகளை அவற்றோடு ஒரே தட்டில் வைத்தல் முறையாகாது. இவற்றில் வினாவின் வகையும் மதிப்பிடும் அளவுகோலும் முன்னரே வெளியிடப்படுகின்றன, கற்றவன் தேறுகின்றான். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வாயிலின் உயரத்தைக் குறிப்பவன் வீட்டுக்காரனே. பிரித்தானியாவின் செவிலியர் பதிவு மன்றம் ஐயெல்ட்சுத் தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் 7-ஆம் தரத்தைக் கேட்கின்றது. எழுதுதலுக்கு 2018-இன் இறுதியில் 6.5 என்று தளர்த்தியது. ஆள் தேவைப்படும்போது படி தாழ்கின்றது. வருவோர் மிக்கபோது படி உயர்கின்றது. 2026 சனவரி 8 முதல், திறன்பணியாளர் நுழைவிசைவைப் புதிதாக வேண்டுவோர்க்கு உரிய ஆங்கிலத் தரத்தை ஐரோப்பிய அளவையின் பி-1 படியிலிருந்து பி-2 படிக்கு அந்நாடு உயர்த்தியது. இவை குடியேற்றக் கணக்கு. இதில் ஒருவனுடைய அறிவின் உயர்வு தாழ்வு எங்குமே அளக்கப்படவில்லை என்பதை முதற்கண் உணர்க.

தேர்வுகளின் தோற்றத்தையும் காண்க. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அயல்மொழியாளர்க்கான ஆங்கிலப் புலமைத் தேர்வை 1913-இல் முதன்முதல் நடத்தியது. எழுதியவர் மூவர், ஏறத்தாழ 12 மணி நேரம் எழுதினர், மூவரும் தேறவில்லை. அத்தேர்வில் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ செருமனுக்கோ மொழிபெயர்க்கும் தாளும், அவற்றிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்க்கும் தாளும் இருந்தன. அயல்மொழிப் புலமையை அளக்க, மாணவன் மற்றொரு மொழியில் எத்துணை ஆழமுடையவன் என்பதையும் உடன்வைத்து அளந்தனர். ஆங்கிலத்தை உலகுக்கு விற்ற ஆங்கிலேயரே முதலில் கொண்ட கொள்கை இது.

பின்னர் 1964-இல் அமெரிக்காவில் தோபெல் தேர்வு தொடங்கியது. 1980-இல் பிரித்தானியத்தில் தோன்றிய தேர்வொன்று 1989-இல் ஐயெல்ட்சு என்னும் வடிவம் பெற்றது. பிரிட்டிசுக் கவுன்சில், கேம்பிரிட்சு, ஆத்திரேலியாவில் தோன்றிய ஐ.டி.பி. ஆகிய மூன்றும் அதன் உடைமையாளர். இந்தியாவில் அத்தேர்வை நடத்தும் வணிகத்தைப் பிரிட்டிசுக் கவுன்சில் 2021-இல் ஐ.டி.பி.க்கு விற்றது. விலை 13 கோடி பவுன். ஒரு நாட்டின் இளைஞர் தேர்வெழுதும் உரிமைக்கே இத்துணை விலை உண்டாயின், அவர்தம் ஆங்கில வேட்கை எவர்க்கு ஊதியமாகின்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தேர்வு எதனை அளக்கின்றது?

ஐயெல்ட்சுத் தேர்வு நான்கு கூறுகளை உடையது. கேட்டல் ஏறத்தாழ 30 நிமையம், 40 வினா. படித்தல் 60 நிமையம், 40 வினா. எழுதுதல் 60 நிமையம், இரண்டு பணி. பேசுதல் 11 முதல் 14 நிமையம் வரை. ஒவ்வொன்றுக்கும் 9 வரை தரம் இடுவர். தேறினான், தோற்றான் என்னும் பேச்சு அதில் இல்லை. வேண்டும் தரத்தைக் கேட்பது சேரப்போகும் கல்லூரியோ அலுவலகமோதான். பெற்ற தரத்தைப் பெரும்பாலான இடங்களில் இரண்டாண்டுகளே ஏற்பர். ஒருவனுடைய ஆங்கிலம் இரண்டாண்டில் கெட்டுப்போகும் என்று கருதும் இவ்வணிகர், அவனுடைய தமிழ் இருபதாண்டு பேசாமலிருந்தாலும் கெடாது என்று அவனை நம்பவைக்கும் உலகத்தினுள்தான் கடை விரித்துள்ளனர்!

இந்நான்கும் எந்த மொழிக்கும் உரிய திறன்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்பவற்றை ஒரு மொழியில் ஆழக் கற்றவன் மற்றொரு மொழிக்கு எளிதில் கொண்டுசெல்வான். எதிலும் ஆழமில்லாதவன் இரண்டிலும் தடுமாறுவான். இதனை ஒவ்வொரு கூறாக வைத்துக் காண்போர்க்கு உண்மை விளங்கும்.

கேட்டல். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். மீண்டும் கேட்க இயலாது. கேட்டுக்கொண்டே விடை குறித்தல் வேண்டும். திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் கேள்வி என்றே பெயர். செவியால் கற்றலைக் கல்வியின் ஒரு பெருங்கூறாகக் கொண்ட மரபு தமிழருடையது. அம்மரபு வகுப்பறையில் இன்று இல்லை. ஆசிரியர் சொல்ல மாணவன் அப்படியே எழுதுகின்றான். கேட்டதைத் தன்சொல்லில் சொல்லும் பயிற்சி இல்லை. ஆயத்தமாவோன் செய்யவேண்டுவது இது: முதலில் தமிழ்ச் சொற்பொழிவொன்றை ஐந்து நிமையம் கேட்டு, அதன் கருத்துகளை ஐந்து வரியில் எழுதுக. அது கைவந்தபின் ஆங்கிலச் செய்தியை அவ்வாறே செய்க. பெயர், எண், நாள், முகவரி ஆகியவற்றைக் கேட்டவுடன் பிழையின்றி எழுதப் பழகுக. ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை விடையையே கெடுத்துவிடும்.

படித்தல். இக்கூற்றில் தமிழ்மாணவர் பலர் வழுக்கி விழும் வினாவகை ஒன்றுண்டு. ஒரு கூற்றைத் தந்து, பத்தியின்படி இது சரியா, தவறா, அன்றிச் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பர். மாணவன் தான் முன்னறிந்த செய்தியை உள்ளே நுழைத்து விடையெழுதிக் கெடுகின்றான். தமிழ்ப் பழம்பாட்டுக்கு உரை கற்றவனுக்கு இவ்வினா புதிதன்று. நூலாசிரியன் சொன்னது எது, மறுத்தது எது, சொல்லாது விட்டது எது என்று பகுத்துக் காண்பதே உரைகாரர் தொழில். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் வரிவரியாகப் படித்து, இங்கே மூலத்தில் உள்ளது எவ்வளவு, உரைகாரர் வருவித்தது எவ்வளவு என்று பிரித்தறிந்தவன் இவ்வினாவுக்கு அஞ்சான். துணைநூலை மனப்பாடம் செய்து தேறியவனே அஞ்சுவான்.

எழுதுதல். முதற்பணி, ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விளக்குதல். பொதுப்பிரிவினர்க்கு ஒரு மடல். இரண்டாம் பணி, ஒரு கருத்தை ஆராய்ந்து குறைந்தது 250 சொற்களில் கட்டுரை வரைதல். இரண்டாம் பணிக்கு இரட்டிப்பு மதிப்பு. வினாவுக்கு முழுதும் விடையிறுத்தல், கருத்துகளைக் கோத்து அமைத்தல், சொல்வளம், இலக்கணத் திருத்தம் என நான்கு அளவுகோல்களும் ஒத்த மதிப்புடையன. இவற்றுள் முதலிரண்டும் ஆங்கிலத்திற்கே உரியன அல்ல என்பதைக் காண்க. கருத்தின்றி எழுதுபவன் எம்மொழியில் எழுதினும் வெறுமையே எழுதுவான். தமிழில் 'நகரில் ஊர்தி நெருக்கடியைக் குறைப்பது எங்ஙனம்?' என்று ஒரு பக்கம் தெளிவாக எழுத மாட்டாதவன், ஆங்கிலத்தில் எங்ஙனம் எழுதுவான்?

இக்குறையை மறைக்கப் பயிற்சிக் கூடங்கள் ஒரு குறுக்குவழி கற்பிக்கின்றன. எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும்படி ஒரு முன்னுரை, நான்கு இணைப்புச் சொற்றொடர், ஒரு முடிவுரை ஆகியவற்றை மனப்பாடம் செய்விக்கின்றன. மாணவன் இடையில் தலைப்பை மட்டும் செருகுகின்றான். மனப்பாடக் கட்டுரையை இனங்காணத் தேர்வாளர் பயின்றுள்ளனர். அவ்வாறு கண்டால் தரம் தாழும். பொருளைக் கொடுத்துத் தரத்தைத் தாழ்த்திக்கொள்ளும் பேதைமை இது.

தமிழ்மாணவன் எழுத்தில் வரும் பிழைகள் எவை, ஏன் வருகின்றன என்பதை அறிந்தால் பாதி மருந்து கிட்டிவிடும். தமிழில் பெயருக்குமுன் வரும் சுட்டிடைச்சொல் இல்லை. ஆங்கிலத்தில் 'எ', 'தி' என்பன இன்றிப் பெரும்பாலான பெயர்கள் நடவா. தமிழில் வேற்றுமையுருபு பெயரின்பின் ஒட்டும். ஆங்கிலத்தில் அவ்வேலையைப் பெயரின்முன் நிற்கும் சிறு சொற்கள் செய்யும். தமிழில் வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். 'நேற்று வந்த மாணவன்' என்று தமிழில் பெயரெச்சம் முன்வரும். ஆங்கிலத்தில் மாணவனைச் சொல்லிவிட்டு, அவன் நேற்று வந்தமையைப் பின்னர்ச் சொல்வர். எழுவாய், பயனிலை, எச்சம், வேற்றுமை என்பவற்றைத் தமிழில் நன்கு கற்றவனுக்கு இவ்வேறுபாடுகளை ஒரே மாலையில் விளக்கலாம். தமிழிலக்கணமே அறியாதவனுக்கு எத்துணை மாலை சொன்னாலும் அவை வெறும் விதிகளாகவே நிற்கும். அவன் எதனோடு ஒப்பிட்டு அறிவான்?

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழ்ச் சொற்றொடரை மனத்தில் ஆக்கி, அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி எழுதுதல் தீது. கருத்தைத் தமிழில் திரட்டுக. தொடரை ஆங்கிலத்தின் நடையிலேயே ஆக்குக. அதற்கு நல்ல ஆங்கில உரைநடையை நாள்தோறும் ஒரு பக்கமேனும் படித்து, நூலை மூடிவிட்டு, அதன் கருத்தை எழுதி, மீண்டும் நூலோடு ஒப்பிட்டுத் திருத்துக. ஆறு மாதம் இதனைச் செய்தவன் எழுத்து அடையும் திருத்தத்தைப் பயிற்சிக் கூடத்தின் மூன்று கிழமை வகுப்பு தந்துவிடாது.

பேசுதல். இங்கேதான் தமிழ்வழி மாணவன் மிகவும் கூசுகின்றான். அறிமுக வினாக்கள் முதலில் வரும். பின்னர் ஒரு சீட்டில் தலைப்பைத் தந்து ஒரு நிமையம் எண்ண விடுவர். ஒன்று முதல் இரண்டு நிமையம் வரை பேசவேண்டும். இறுதியில் அதனையொட்டிய கருத்துரையாடல். வெள்ளையனைப் போல ஒலிக்கவேண்டும் என்று தேர்வு கேட்பதில்லை. கேட்போர்க்கு இடரின்றி விளங்கவேண்டும் என்றே கேட்கின்றது. நாவைச் சுழற்றி அயலான் குரலை நடிப்பவன் விளங்காமல் பேசித் தரம் இழக்கின்றான். திருக்குறள் சொல்வன்மையை 65-ஆம் அதிகாரத்திலும் அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரத்திலும் வைத்துள்ளது. பேசத் தெரிதலும், அஞ்சாது பேசுதலும் வேறு வேறு பயிற்சிகள் என்பது அதனால் பெறப்படும். பள்ளித் தமிழ்மன்றத்தில் எழுந்து நின்று இரண்டு நிமையம் பேசிப் பழகியவனுக்கு இரண்டாவது பயிற்சி முன்னரே முடிந்துவிட்டது.

பலுக்கலுக்குத் தமிழிலக்கணம் தரும் துணை

தமிழில் சில ஆங்கில ஒலிகள் இல்லை என்பது உண்மை. அதனால் தமிழன் நா முடம் என்பது பொய். தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் வாயின் எவ்விடத்தில் எம்முயற்சியால் பிறக்கின்றது என்று கூறுவது. அவ்வாறு ஒலியை ஆராயக் கற்றவனுக்கு எந்த மொழியின் ஒலியும் எட்டும்.

'பம்பரம்' என்னும் சொல்லைச் சொல்லிப் பார்க்க. முதற் பகரம் ஒலிப்பின்றி வருகின்றது. மகரத்தை அடுத்த பகரம் ஒலிப்புடன் வருகின்றது. ஆங்கிலத்தில் 'பி' என்னும் ஈரெழுத்துகளின் வேறுபாடு இஃதே. 'தந்தை', 'கங்குல்' என்பவற்றிலும் அவ்வாறே. ஆகவே ஒலிப்புடைய வல்லினம் தமிழன் வாயில் என்றும் உள்ளது. அதனைச் சொல்லின் முதலில் வைத்துச் சொல்லப் பழகுதல் ஒன்றே எஞ்சிய வேலை. மேற்பல்லும் கீழிதழும் பொருந்த வகரம் பிறக்கும் என்பது தமிழ் நெடுங்கணக்கு அறிந்தோர் அறிந்தது. வாயை அந்நிலையிலேயே வைத்து, தொண்டையின் ஒலியை நிறுத்தி, மூச்சை மட்டும் விட்டால் 'எஃப்' என்னும் ஆங்கில ஒலி வந்துவிடும். பல்லைத் தொடாமல் உகரத்திற்குப்போல் இதழைக் குவித்து அடுத்த உயிருக்குத் தாவினால், ஆங்கிலத்தின் மற்றொரு வகரம் வரும். இவ்விரு வகரங்களையும் ஒன்றாக்குவதே தமிழர் பேச்சில் மிகுதியாகக் கேட்கும் பிழை.

இகரமும் ஈகாரமும், எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் எனக் குறில் நெடிலை இளமையிலேயே பிரித்தறியும் பேறு தமிழ்க் குழந்தைக்கு உண்டு. குறில் நெடில் வேறுபாடில்லாத மொழியினர் ஆங்கிலச் சொற்களில் இவற்றைப் பிரித்தறியப் படும் துன்பத்தை நோக்க, இஃது எத்துணைப் பெரிய முதல் என்பது விளங்கும்.

ஆங்கிலவழி என்னும் மயக்கம்

இவ்வளவையும் கேட்ட பின்னும், 'ஆயினும் சிறுமையிலிருந்தே ஆங்கிலவழியில் படித்தவனுக்குத்தானே எளிது?' என்பர். நல்ல ஆங்கில ஆசிரியரும் வீட்டில் ஆங்கிலச் சூழலும் உடைய சிலர்க்கு எளிதாதல் உண்மையே. அதனை மறுப்பதற்கில்லை. தமிழகத்துச் சிற்றூர்களிலும் சிறு நகர்களிலும் ஆங்கிலவழி என்னும் பெயரில் நடப்பது வேறு. ஆசிரியர் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்குகின்றார், மாணவன் பொருளறியாது ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கின்றான், தேர்வில் கக்குகின்றான். பன்னிரண்டாண்டு இவ்வாறு கழிந்தபின், முன்பின் அறியாத ஒரு பத்தியைப் படித்துப் பொருள் காணவும், முன்பின் அறியாத ஒரு வினாவுக்கு வாய்திறந்து விடை சொல்லவும் கேட்கும் ஒரு தேர்வின்முன் நிற்கின்றான். அவனுக்குத் தமிழும் துணை நிற்கவில்லை. ஆங்கிலமும் துணை நிற்கவில்லை. இத்தேர்வின் கடுமை இத்தகையோரைத்தான் முதலில் வீழ்த்துகின்றது.

பின்லாந்தை எடுத்துக்கொள்க. அந்நாட்டுப் பெரும்பான்மையோர் பேசும் பின்னிய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் உறவில்லை. அது தமிழைப் போன்றே ஒட்டுநிலை மொழி; பெயருக்குமுன் வரும் சுட்டிடைச்சொல் அதிலும் இல்லை; வேற்றுமை மட்டும் பதினைந்து. அந்நாட்டுப் பிள்ளைகள் கணக்கும் அறிவியலும் வரலாறும் தம் தாய்மொழியிலேயே கற்கின்றனர். ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக மட்டும், பயின்ற ஆசிரியரிடம், ஒழுங்காகக் கற்கின்றனர். தொலைக்காட்சியில் வரும் அயல்நாட்டுப் படங்களைப் பெரும்பாலும் குரல்மாற்றாமல், தம்மொழி எழுத்து ஓடக் காண்கின்றனர். ஆங்கிலம் நன்கு அறிந்த மக்களுள் பின்னியரை உலகம் வைத்தெண்ணுகின்றது. ஆங்கிலத்தை நன்றாகக் கற்பித்தல் வேறு. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கற்பித்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பெற்றோர் உணர்ந்த நாளே அவர்தம் பொருளும் பிள்ளைகளின் அறிவும் ஒருங்கே தப்பும் நாள்.

தமிழ் இயக்கத்தின் முன்னோர் ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்கியவரல்லர் என்பதையும் ஈண்டு எண்ணுக. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் எழுத வல்லவர். மொழிஞாயிறு பாவாணர் தமிழின் தொன்மையை உலகுக்கு உணர்த்த 1966-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அவர்கள் தமிழில் ஊன்றி நின்று ஆங்கிலத்தைக் கையாண்டவர்கள். அயல்நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி தொகுத்ததும், போப்பையர் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் தத்தம் மொழியை மறந்து செய்த செயல்களா? தம் மொழியில் புலமை முதிர்ந்தமையாலேயே பிறர் மொழியிலும் புலமை பெற்றனர் என்க.

பொருளும் ஏமாற்றும்

இந்தியாவில் ஐயெல்ட்சுத் தேர்வுக் கட்டணம் மட்டும் 17,000 உருபாவுக்கு மேல். வேண்டிய தரம் வாராதெனின் மீண்டும் கட்டவேண்டும். ஆகவே ஆயத்தமாவோர் சிலவற்றை உறுதியாகக் கொள்க. சேரவிருக்கும் கல்லூரியோ பணிப்பதிவு மன்றமோ எத்தேர்வை ஏற்கின்றது, ஒவ்வொரு கூற்றிலும் என்ன தரம் கேட்கின்றது என்பதை அதன் சொந்த அறிவிப்பிலேயே படித்தறிக. இடைத்தரகர் சொல்லை நம்பற்க. தேர்வு நடத்துவோரே விலையின்றி வெளியிடும் மாதிரித் தாள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை, நேரம் குறித்து, இடையில் எழாமல் எழுதிப் பார்த்து, வேண்டிய தரத்துக்கு அண்மையில் உள்ளமை தெரிந்த பின்னரே பணம் கட்டுக. பெற்ற தரம் இரண்டாண்டே செல்லுமாதலின், பயண ஏற்பாடு தொடங்குமுன் வெகு காலம் முந்தி எழுதுதல் வீண்.

'வினாத்தாள் முன்னரே கிடைக்கும்', 'உமக்காக வேறொருவர் எழுதுவார்' என்போர் வாயிலை மிதிக்கவும் வேண்டா. அதன் விளைவு எத்துணைக் கொடிது என்பதைப் பிரித்தானியாவில் நடந்ததொன்று காட்டும். அங்கு நுழைவிசைவுக்காக நடந்த ஓர் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை 2014 பிப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. தேர்வை நடத்திய அமெரிக்க நிறுவனம் 58,458 தேர்வுகளை மீண்டும் ஆராய்ந்து, 33,725 செல்லாதன என்றும், 22,694 ஐயத்திற்குரியன என்றும் சொன்னது. செல்லாதன என்று குறிக்கப்பட்டோரின் நுழைவிசைவை அரசு பறித்தது. குற்றம் செய்தோரோடு, தம் நாவாலும் கையாலும் நேர்மையாகத் தேர்வெழுதியோரும் அகப்பட்டுக்கொண்டனர். படிப்பு இடையில் முறிந்தது. கட்டிய பணம் போயிற்று. ஏமாற்றுக்காரர் என்னும் பெயரோடு ஊர் திரும்ப நாணிப் பலர் ஆண்டுக்கணக்கில் முறைமன்றப் படிக்கட்டுகளில் நின்றனர். தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டோரைக் காக்க அரசு போதிய கருத்துச் செலுத்தவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2019-இல் எழுதியது. சிலர் தேடிய குறுக்குவழி, நேர்வழியில் சென்ற பல்லோர் வாழ்வை அழித்தது. ஏழைத் தமிழ்ப் பெற்றோர் இதனை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்க.

தமிழுக்கு ஓர் அளவுகோல்

ஆங்கிலேயர் தம் மொழியைக் கற்க வருவோர்க்கு ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். சப்பானியர் 1984 முதல் தம் மொழிக்குப் படிநிலைத் தேர்வு நடத்துகின்றனர். சீனரும் அவ்வாறே. தமிழுக்கு? 2001-இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் படிப்படியான சான்றிதழ்ப் பாடங்களை அயலகத் தமிழர்க்கு நடத்துகின்றது. தமிழக அரசு 2021 திசம்பரில், அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கி, அதில் 40 விழுக்காடு பெறாதவரின் பிற தாள்கள் திருத்தப்பட மாட்டா என்று ஆணையிட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும், கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கையும் அளந்து, உலகின் எம்மூலையில் உள்ளவனும் எழுதத்தக்கதாய், எல்லாக் கல்லூரியும் அலுவலகமும் மதிக்கத்தக்கதாய் ஒரு தமிழ்த் திறன்தேர்வு வேண்டும். தமிழகத்தில் வணிகம் செய்து பொருள் ஈட்டும் நிறுவனங்கள், தமிழரோடு பேசவிருக்கும் தம் அலுவலரை அத்தேர்வு எழுதச் செய்தல் வேண்டும். இலண்டன் மருத்துவமனை தன் நோயாளியிடம் பேசவரும் செவிலியிடம் ஆங்கிலம் கேட்பது முறையாயின், மதுரை வங்கி தன் உழவரிடம் பேசவரும் அலுவலரிடம் தமிழ் கேட்பது எங்ஙனம் முறையற்றதாகும்?

தமிழிளைஞரே! அயல்நாடு செல்வது குற்றமன்று. கடல்கடந்து சென்று பொருள் ஈட்டியவர் தமிழ் முன்னோர். ஆங்கிலத் தேர்வை எழுதுக, நன்றாக எழுதுக, கேட்கும் தரத்துக்கு மேலும் ஒரு படி பெறுக. ஆனால் அதற்காகத் தாய்மொழியைத் துறக்கவேண்டும் என்று எவன் சொன்னாலும் அவன் சொல்லைத் தள்ளுக. காதால் கேட்கவும், கண்ணால் படித்துப் பொருள் காணவும், கையால் எழுதவும், அவையில் அஞ்சாது பேசவும் தமிழில் முதலில் கற்க. ஆங்கிலம் பின்னால் வரும்.

பெற்றோரே! பிள்ளையை மழலை வகுப்பில் அயல்மொழியில் அடைத்து, இருபதாண்டு கழித்து வரப்போகும் இரண்டே முக்கால் மணி நேரத் தேர்வுக்காக அவன் குழந்தைமையைக் கொல்லற்க. நல்ல தமிழாசிரியரையும் நல்ல ஆங்கில ஆசிரியரையும் உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கேட்டுப் பெறுக. அவ்விருவரும் உள்ள பள்ளியில் படித்த பிள்ளைக்கு எந்நாட்டு வாயிலும் உயரமன்று.